ஏட்டறியாத படைமேதை ஹைதர் அலி

(மூன்றாமாண்டு வரலாறு)

ஏட்டுப் படிப்பு இல்லாமலே வரலாற்று ஏட்டில் இடம்பிடித்தவர்கள் சிலர் உண்டு. அவர்களுள் மைசூர் ஹைதர் அலி முதன்மையானவர். ரமணாசிரமம் பகுதியில் வசிக்கும் நான் நாள்தோறும் நடக்கும் செங்கம் சாலைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு என்பதை அறிந்தபோது, அவரைப் பற்றி எழுதும் ஆவல் எழுந்தது.

1720-ஆம் ஆண்டையொட்டிக் கோலாருக்கு அருகிலுள்ள பூதிக்கோட்டையில் பிறந்தவர் ஹைதர். தந்தை பத்தே முகம்மது, சிலகாலம் ஆர்க்காட்டு நவாபின் படையில் ராக்கெட் வீரர்களின் தலைவராக இருந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்ததால் ஹைதருக்குப் பள்ளிப்படிப்பு வாய்க்கவில்லை. ஆனால் நினைவாற்றலும் கூர்ந்து நோக்கும் பண்பும் அவருக்கு வாய்த்திருந்தன. 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய வீரம் அவரை மைசூர் அரசின் கண்ணில் படச் செய்தது.

அக்காலத்தில் நம் நாட்டு வீரர்கள் பெரும்பாலும் திரித் துப்பாக்கியையே ஏந்தினர். எரியும் திரியை மருந்தில் வைத்தால்தான் அது வெடிக்கும். மழை வந்தால் திரி அணையும். இரவில் திரியின் நெருப்பே பகைவருக்கு ஆளைக் காட்டிக் கொடுக்கும். ஐரோப்பியர் வைத்திருந்ததோ சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். அளவாக மருந்தும் குண்டும் சேர்த்துச் சுற்றிய காகிதத் தோட்டாவால் விரைந்து சுடலாம். முனையில் ஈட்டியைப் பொருத்தினால் குதிரைப்படையையும் தடுக்கலாம். கருநாடகப் போர்களில் இவற்றின் வலிமையை நேரில் கண்டார் ஹைதர். 1755-இல் திண்டுக்கல் பௌஜ்தாரானதும் பிரெஞ்சு வல்லுநர்களைக் கொண்டு அங்கே படைக்கலச் சாலை அமைத்தார். 1761-இல் மைசூரின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது.

1767-இல் நிஜாமுடன் சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்தார். செப்டம்பர் தொடக்கத்தில் செங்கம் கணவாயில் போர் மூண்டது. கர்னல் ஸ்மித் உணவுப் பொருள் இன்றித் திருவண்ணாமலைக்கு வந்தார். செப்டம்பர் 26-இல் நம் ஊரருகே நடந்த போரில் எண்ணிக்கையில் மிகப் பெரிதான கூட்டுப்படை தோற்றது. 50-க்கும் மேற்பட்ட பீரங்கிகள் பறிபோயின. ஒழுங்காக அணிவகுத்துச் சுடும் காலாட்படையின் முன் வெறுங்கூட்டம் நிற்காது என்ற பாடத்தைத் திருவண்ணாமலை அவருக்குக் கற்பித்தது.

தோல்வியில் துவண்டாரா ஹைதர்? இல்லை! ஆங்கிலேயரிடம் குதிரைப்படை குறைவு என்பதைக் கண்டுகொண்டார். நேருக்கு நேர் மோதுவதைத் தவிர்த்து, விரைந்து சென்று உணவு வரும் வழிகளை அறுத்தார். 1769-இல் சென்னையின் வாயிலுக்கே குதிரைப்படையுடன் வந்து நின்று உடன்படிக்கை செய்ய வைத்தார்.

ராக்கெட்டிலும் மாற்றம் கண்டார். முன்பு மூங்கிலாலும் காகிதத்தாலும் ஆன குழல், மருந்தை இறுக்கி அடைத்தால் பிளந்துவிடும். மைசூரார் இரும்புக் குழலைப் பயன்படுத்தினர். அது மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியதால் ராக்கெட் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் வரை பாய்ந்தது. நேராகச் செல்ல நீண்ட மூங்கிற்கழி கட்டப்பட்டது. குறி துல்லியமாக இராது. ஆயினும் நெருங்கி நிற்கும் அணியையும் குதிரைகளையும் கலங்கடிக்க அது போதும். 1780 செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அங்கே ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அத்தீயை ராக்கெட்டே மூட்டியது என்பர் பலர்.

ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் காண வேண்டாமா? பகைவருக்கு உணவு கிடைக்கக் கூடாதென்று ஹைதரின் படை நம் வயல்களையும் ஊர்களையும் எரித்தது. மக்கள் அந்நாட்களை ஹைதர் கலாபம் என்றே அழைத்தனர். துப்பாக்கி ஏந்தாத உழவனும் பஞ்சத்தில் மாண்டான். அவரது அறிவை வியக்கும் நாம் இதை மறைத்தால் வரலாறு படித்தவர்கள் ஆகமாட்டோம்.

1781-இல் பரங்கிப்பேட்டையில் அயர் கூட்டிடம் தோற்றபின்னும் ஹைதர் போரை விடவில்லை. 1782 டிசம்பர் 7-இல் சித்தூர் அருகே பாசறையில் முதுகில் எழுந்த ராஜபிளவையால் உயிர் நீத்தார். மலபாரிலிருந்து மகன் திப்பு வந்து சேரும்வரை மரணச் செய்தி மறைக்கப்பட்டது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்து சென்றன. அவற்றை ஆராய்ந்து காங்கிரீவ் செய்த ராக்கெட்டுகள் 1807-இல் கோபன்ஹேகன் நகரை எரித்தன. ஒருவர் கையில் பிறந்த கருவி மற்றவர் கைக்குப் போவதும், ஊரை எரிக்கும் வேலையை மட்டும் மாற்றிக்கொள்ளாமல் இருப்பதும் எத்தகைய விந்தை!

தன் தோல்வியையே ஆசானாகக் கொண்டவர் ஹைதர் அலி. எழுதப் படிக்கத் தெரியாத அவர் பகைவனிடமும் கற்றார். நூலகமும் பேராசிரியர்களும் வாய்க்கப்பெற்ற நாம் அந்தக் கற்கும் வேட்கையை எடுத்துக்கொள்வோம். எரிந்த வயல்களையும் நினைவில் வைப்போம்.