யார் இந்த 'அங்கிள் சூ'? இரண்டு நாடுகளின் காற்பந்தை வளர்த்த பயிற்றுநரின் கதை

மலேசியக் காற்பந்தின் பொற்காலம் எது என்று வீட்டில் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். மொக்தார் டஹாரி, ஆர். ஆறுமுகம், சோ சின் ஆன் என்று 1970களின் பெயர்களை அடுக்குவார். ஆனால் அதற்கு முன்பே நம் நாடு ஆசியாவில் பேர் வாங்கியிருந்தது. அந்தக் கதையில் ஒருவரை விட்டுவிட முடியாது. அவர் பெயர் சூ செங் குவீ. ஆட்டக்காரர்களுக்கு அவர் 'அங்கிள் சூ'.

சிங்கப்பூர்க்காரர், மலாயாவின் கோச்

1914-இல் பிறந்தவர் சூ. 1930களில் சிங்கப்பூருக்காக ஆடினார். போருக்குப் பிறகு பயிற்றுநர் ஆனார். 1950களின் தொடக்கத்தில் இந்தோனேசியத் தேசியக் குழுவுக்கே பயிற்சி கொடுத்தார்.

அடுத்த அழைப்பு மலாயாவிலிருந்து வந்தது. 1957-இல் சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டு, கோலாலம்பூரில் மெர்டேக்கா காற்பந்துப் போட்டி தொடங்கியது. முதல் ஆண்டு கிண்ணம் ஹாங்காங் அணிக்குப் போய்விட்டது. சொந்த மண்ணில், சொந்தச் சுதந்திரத்தின் பெயரில் நடக்கும் போட்டி. அதை வேறு யாரோ தூக்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்?

சூ வந்த பிறகு நிலைமை மாறியது. 1958, 1959 என இரண்டு ஆண்டுகள் மலாயாவே வென்றது. 1960-இல் தென் கொரியாவோடு கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டது. 1961-இல் ரங்கூனில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டில் தங்கம், 1962 ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம். நெகிரி செம்பிலானில் பிறந்த அப்துல் கனி மின்ஹாட் 'ராஜா போலா' என்று கொண்டாடப்பட்டதும் இந்தக் காலத்தில்தான்.

எப்படிப்பட்ட மனிதர்?

ரொம்பக் கண்டிப்பானவர். உடல் தகுதி இல்லாதவனுக்குத் திறமை இருந்தும் பயனில்லை என்பது அவர் கொள்கை. பயிற்சியில் ஆட்டக்காரர்களை ஓட விட்டே களைக்க வைப்பார். நாட்டுப்பற்றையும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே பார்த்தார். சிங்கப்பூர் ஆட்டக்காரர்களை நாட்டுப்பண் பாட வைத்தார்.

ஆனால் மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார். அதனால் நிர்வாகிகளோடு அடிக்கடி உரசல் வரும், பதவி போகும். அணி தடுமாறும்போது மறுபடியும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் வருவார்.

1977-இல் என்ன நடந்தது?

1965-இல் சிங்கப்பூர் தனி நாடானது. ஆனாலும் மலேசியக் கிண்ணப் போட்டியில் ஆடியது. பிரிந்த ஆண்டில் வென்ற கிண்ணம் அதன்பின் கைக்கு வரவே இல்லை. அறுபது வயதைத் தாண்டிய சூவிடம் குழு மறுபடி ஒப்படைக்கப்பட்டது.

1977 மார்ச்சில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று. மலேசியாவை வென்ற சிங்கப்பூர், முடிவை நிர்ணயித்த ஆட்டத்தில் ஹாங்காங்கிடம் ஒரே கோலில் தோற்றது. மிச்சமிருந்தது மலேசியக் கிண்ணம் மட்டும்தான்.

அந்த நேரத்தில் சூவின் காலில் புண். அவருக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. இந்த நோய் உள்ளவர்களின் காலில் புண் வந்தால் ஏன் அலட்சியம் கூடாது என்று நம் வீடுகளில் பலருக்குத் தெரியும். ரத்த ஓட்டம் குறையும், வலி தெரியாது, புண் ஆறாது. சூ சிகிச்சையைத் தள்ளிப்போட்டார். கிண்ணம் முதலில், கால் அப்புறம் என்று நினைத்தார்.

மே மாதம் மெர்டேக்கா அரங்கில் இறுதியாட்டம். எதிரணி பினாங்கு. கேப்டன் சமாட் அல்லாபிச்சை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. குவா கிம் சோங் அடித்த கோலில் சிங்கப்பூர் 3-2 என வென்றது. 12 ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணம் கிடைத்தது.

சூவின் காலைக் காப்பாற்ற முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று. 1983 ஜூன் 30-ஆம் தேதி அவர் காலமானார். வயது 68.

நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

செர்காம், மெர்லிமாவ் பக்கம் திடலில் பந்து உதைக்கும் தம்பி, தங்கைகளே, கோல் அடித்தவர் பெயர் ஊருக்கே தெரியும். அவரை விடியற்காலையில் ஓட வைத்தவர் பெயர் சில பேருக்குத்தான் தெரியும். சூவின் கடமையுணர்ச்சியைப் பாராட்டலாம். ஆனால் அவர் காலை இழந்ததைத் தியாகம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட வேண்டாம். உங்கள் பயிற்றுநர் நொண்டிக்கொண்டு திடலுக்கு வந்தால், முதலில் அவரைக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். ஆட்டத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.