கிரேஸ் ஹாப்பர்: ஒரு புரோகிராம், இரண்டு மிஷின்

விடியுமுன்னே போடியிலிருந்து ஜீப் ஏறி, மெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். வீடு மலைக்கு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். எழுதுவது ஒரு மிஷினில், ஓடுவது வேறு மிஷினில் என்று இன்று என் பிழைப்பும் அப்படித்தான் ஓடுகிறது.

ஐ.பி.எம். மெயின்ஃப்ரேம் ஒன்றின் லினக்ஸில், வாஸ்ம்டைம் என்ற வெப்அசெம்ப்ளி இயக்கியை மூல நிரலிலிருந்து கட்டினேன். ஒரு முறை கம்பைல் செய்ததைப் பலவகைக் கம்ப்யூட்டர்களில் ஓட்டுவதற்கான பொது வடிவம்தான் வெப்அசெம்ப்ளி. இயக்கி ஒழுங்காகத்தான் ஓடியது. அதோடு நான் சேர்த்த துண்டுதான் காலை வாரிவிட்டது. 1 வரவேண்டிய இடத்தில் 1,67,77,216! வெப்அசெம்ப்ளி ஓர் எண்ணின் கடைசி பைட்டை முதலில் வைக்கும், மெயின்ஃப்ரேம் நேர்மாறு. திருப்பிப் போட மறந்திருந்தேன். இரண்டு ராத்திரி போச்சு. அப்போது நினைவுக்கு வந்தவர்தான் ஹாப்பர் அம்மையார்.

1906-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஏழு வயதில் வீட்டு அலாரம் கடிகாரங்களைக் கழற்றிப் போட்ட வாண்டு. யேலில் கணிதத்தில் டாக்டர் பட்டம், அப்புறம் ஆசிரியப் பணி. 1943-ல் அமெரிக்கக் கடற்படை ரிசர்வில் சேர்ந்து, மறு வருடம் ஹார்வர்டில் மார்க் 1 கணிப்பொறிக்கு வந்தார். 1952-ல் ஏ-0 செய்தார். நாடாவில் இருந்த துணை நிரல்களை மிஷினே எடுத்துக் கோத்துக்கொள்ளும். மிஷினாவது, புரோகிராம் எழுதுவதாவது என்று பலர் நம்பவே இல்லையாம்.

கோபாலின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். கோபால் ஒரு குழு செய்த வேலை. ஆனால் அதற்கு அடித்தளம் அவருடைய ஃப்ளோமேட்டிக். 1960 டிசம்பர் 6, 7 தேதிகளில் ஒரே கோபால் புரோகிராமை ஆர்.சி.ஏ. மிஷினிலும் யூனிவாக்கிலும் ஓட்டிக் காட்டினார்கள். இரண்டும் வெவ்வேறு கம்பெனிகளின் தயாரிப்பு. இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரியும். அன்றோ மிஷினை மாற்றினால் எழுதியதெல்லாம் வீண்.

ஓட்டிக் காட்டியதோடு கதை முடியவில்லை. கம்பெனிக்கொரு கோபால் என்று ஆளாளுக்குத் திரிக்க ஆரம்பித்தார்கள். 1966 கடைசியில் ஓய்வு பெற்றவரை, மறு வருடமே ஆறு மாத வேலைக்கென்று கடற்படை திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் 1986 வரை நீண்டது! கோபால் கம்பைலர்கள் விதிப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் சோதனைப் புரோகிராம்களை அப்போது உருவாக்கினார். என் கணக்கில் ஏ-0-வைவிட இதுதான் பெரிய வேலை, பேசுகிறவர்கள்தான் குறைவு. 1992 ஜனவரி 1-ல் காலமானார்.

வெப்அசெம்ப்ளிக்கும் அப்படியொரு சோதனைத் தொகுப்பு உண்டு. வாஸ்ம்டைமும் அதை வைத்துச் சோதிக்கப்படுவதுதான். என் துண்டுக்கு மட்டும் நான் ஒரு சோதனைகூட எழுதியிருக்கவில்லை. மூன்றாவது ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்.