கோட்டை பேண்டில் இருந்த வயலின் கச்சேரி மேடைக்கு வந்தது எப்படி? யார் இந்த பாலுசுவாமி தீட்சிதர்?

பண்ருட்டியில் சமீபத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷன். மேடைக்குப் பக்கத்தில் ரெண்டே பேர். ஒருத்தர் வயலின், இன்னொருத்தர் கீபோர்டு. சினிமாப் பாட்டு, நடுவில் ஒரு கீர்த்தனை, திரும்பவும் சினிமாப் பாட்டு. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா கேட்டார்: இந்த வயலின் நம்ம ஊர் வாத்தியமா, வெள்ளைக்காரன் வாத்தியமாடா?

வெள்ளைக்காரன் வாத்தியம்தான். ஆனா அதைக் கர்நாடக இசைக்கு வாசிக்கலாம் என்று காட்டியவர்களில் முதல் பெயராகச் சொல்லப்படுவது திருவாரூர்க்காரர் ஒருவருடையது. பாலுசுவாமி தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரின் கடைசித் தம்பி. அண்ணனைத் தெரிந்த அளவுக்குத் தம்பியை நமக்குத் தெரியாது. அவர் கதையைப் பார்ப்போம் வாங்க.

பாட்டு வீடு

பாலுசுவாமி பிறந்தது 1786ல். அப்பா ராமசுவாமி தீட்சிதர் பெரிய வித்வான். இன்று எந்தக் கச்சேரியிலும் தொடக்கத்தில் கேட்கிற ஹம்ஸத்வனி ராகம் அவர் உருவாக்கியது என்பார்கள். மூத்த மகன் முத்துசுவாமி. அந்தப் பெயர், சிதம்பரத்திலிருந்து சீர்காழி தாண்டினால் வருகிற வைத்தீஸ்வரன்கோயில் முத்துக்குமாரசுவாமியின் பெயர். அடுத்து சின்னசுவாமி, பாலாம்பாள் என்ற தங்கை, கடைசியாக பாலுசுவாமி.

குடும்பம் திருவாரூரிலிருந்து மணலிக்குக் குடிபெயர்ந்தது. ஆமாம், இன்று சுத்திகரிப்பு ஆலையால் தெரிகிற அதே வடசென்னை மணலி. அன்று அது கலைஞர்களை வரவழைத்துப் போற்றிய ஒரு முதலியார் குடும்பத்தின் ஊர். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையை ஆதரித்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் இந்த வீட்டுக்காரர்தான். அவர் கிழக்கிந்தியக் கம்பெனி கவர்னருக்கு துபாஷியாக இருந்தவர். துபாஷி என்றால் மொழிபெயர்ப்பாளர், வியாபாரத் தரகர், ஆலோசகர் எல்லாம் சேர்ந்த வேலை. அதனால் கோட்டைக் கதவு இந்தக் குடும்பத்துக்குத் திறந்தே இருந்தது.

கோட்டை என்றதும் கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டை ஞாபகம் வரும். இது அது இல்லை. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை, இன்றைக்குத் தலைமைச் செயலகம் இருக்கிற இடம்.

கோட்டையில் கேட்ட சத்தம்

முத்துக்கிருஷ்ண முதலியாரின் மகன், சின்னையா முதலியார் என்று அழைக்கப்பட்ட வேங்கடகிருஷ்ண முதலியார். தீட்சிதர் சகோதரர்களைக் கோட்டைக்கு அழைத்துப் போய் ஐரோப்பிய பேண்டு வாசிப்பதைக் கேட்க வைத்தவர் அவர்தான். அந்தக் கூட்டத்தில் பாலுசுவாமியின் காதைப் பிடித்து இழுத்தது வயலின்.

பையனின் ஆசையைப் பார்த்த முதலியார், ஒரு ஐரோப்பிய வயலின்காரரைச் சம்பளத்துக்கு அமர்த்தி அவருக்குப் பாடம் சொல்ல வைத்தார். மூன்று வருடம் அந்தப் பாடம் நடந்தது என்பது தீட்சிதர் குடும்பம் எழுதிவைத்த வரலாறு. அந்த வாத்தியாரின் பெயர் எங்கேயும் பேசப்படுவதில்லை. நம்ம இசை வரலாற்றில் இவ்வளவு பெரிய காரியம் செய்த ஒருவர் பெயரில்லாமல் போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அண்ணன் முத்துசுவாமிக்கும் அந்த பேண்டு இசை பிடித்துப்போனது. கோட்டையில் கேட்ட மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். சுமார் 40 உருப்படிகள். நோட்டுஸ்வரம் என்று பெயர். இங்கிலீஷ் நோட், நம்ம ஸ்வரம், ரெண்டும் ஒட்டிய பெயர். அதில் ஒன்று, பிரிட்டிஷ் தேசிய கீதமான காட் சேவ் தி கிங் மெட்டிலேயே இருக்கிறது.

அதே நேரத்தில் வியன்னாவில்...

இங்கே ஒரு நிமிஷம் ஐரோப்பாவுக்குப் போய்ட்டு வரலாம்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் வயலினுக்கு நெருங்கிய ஜோடி பியானோ. ரெண்டு பேர் மட்டும் உட்கார்ந்து வாசிக்கிற பல பகுதிகள் கொண்ட உருப்படிக்கு சொனாட்டா என்று பெயர். மோட்சார்ட் இதில் நிறைய எழுதினார். 1803ல் வியன்னாவில் பீத்தோவன் தானே பியானோவில் உட்கார, ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் வயலின் வாசிக்க, பின்னாளில் க்ராய்ட்சர் சொனாட்டா என்று புகழ்பெற்ற உருப்படி அரங்கேறியது. அப்போது பாலுசுவாமிக்கு 17 வயது.

அந்த சொனாட்டாவில் பியானோ பக்கவாத்தியம் இல்லை, வயலினும் பக்கவாத்தியம் இல்லை. ரெண்டும் சரிக்குச் சரி பேசிக்கொள்ளும். இன்றும் உலகம் முழுக்க வயலின்-பியானோ ஜோடிகள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்கிறார்கள். 200 வருடத்துக்கு முந்தைய உருப்படி இன்று எப்படிக் கிடைக்கிறது? ஒவ்வொரு ஸ்வரமும் தாளில் எழுதப்பட்டிருக்கிறது, அதனால்தான்.

பாலுசுவாமி கையில் வந்த வயலினோடு அந்தத் தாளும் வரவில்லை, அந்த பியானோவும் வரவில்லை.

பியானோ ஏன் வரவில்லை?

காரணம் கமகம். நம்ம இசையில் ஒரு ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்காது. அசையும், வழுக்கும், பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுட்டு வரும். தோடி ராகத்துக் காந்தாரத்தை அசைக்காமல் வாசித்தால் அது தோடியே இல்லை. பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் விரலுக்கு வழி கிடையாது.

வயலினில் அந்தப் பிரச்சனையே இல்லை. வீணை மாதிரி மெட்டு கூட இல்லாத வெறும் பலகை. விரல் எங்கே வேணும்னாலும் நிற்கலாம், நகரலாம். வில்லை இழுக்கிற வரைக்கும் சத்தம் நீளும், பாடுகிறவர் குரல் மாதிரி. வீணை, சிதார், மிருதங்கம் என்று பல வாத்தியம் கைவந்த பாலுசுவாமிக்கு இது சீக்கிரமே பிடிபட்டிருக்க வேண்டும்.

கட்டை வாத்தியத்தின் மேல் இருந்த இந்தச் சந்தேகம் ரொம்ப நாள் தொடர்ந்தது. 1940ல் ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்துக்கே தடை போட்டது, முப்பது வருஷத்துக்கு மேல் அது நீடித்தது. நம்ம ரிசப்ஷன் கீபோர்டுக்காரர் கீர்த்தனை வந்தபோது மட்டும் இடது கையால் ஓரத்தில் இருக்கிற ஒரு சின்னச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். ஸ்வரத்தை வளைக்கிற சக்கரம் அது. பியானோவில் அது கிடையாது.

வயலினும் அப்படியே ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஐரோப்பாவில் நின்றுகொண்டு தாடைக்கும் தோளுக்கும் நடுவில் பிடிப்பார்கள். இங்கே சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதி வலது கணுக்காலில் தாங்க, அடிப்பகுதி இடது தோள் பக்கம் சாய வாசிக்கிறார்கள். தாடை பிடிக்க வேண்டாம் என்பதால் இடது கை தந்தியில் தாராளமாக மேலும் கீழும் வழுக்கலாம். சுருதியும் மாறியது. அவர்கள் நாலு தந்தியை நாலு வெவ்வேறு ஸ்வரத்தில் கூட்டுவார்கள். நாம் ச-ப-ச-ப என்று கூட்டுகிறோம். பாடுகிறவர் எந்த சுருதி எடுத்தாலும் அதற்கேற்ப மாற்றிக்கலாம்.

இதெல்லாம் ஒரே ஆள் ஒரே நாளில் செய்ததில்லை. பாலுசுவாமியின் தலைமுறையில் தொடங்கி அடுத்தடுத்த கைகளில் கூடிவந்தது.

அப்போ வடிவேலு?

இந்த இடத்தில் தஞ்சாவூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். தஞ்சை நால்வரில் கடைசித் தம்பி வடிவேலு பிரமாதமான வயலின் வித்வான். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்கு 1834ல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். வயலினுக்கு அரசவை மரியாதை வாங்கிக்கொடுத்ததில் அவர் பங்கு பெரியது. ஆனால் அவர் பிறந்தது 1810ல், பாலுசுவாமியைவிட 24 வயது இளையவர். தவிர, அவர் முத்துசுவாமி தீட்சிதரின் சீடர்.

வடிவேலு தஞ்சை பாதிரியார் ஷ்வார்ட்ஸிடம் வயலின் கற்றார் என்று இணையத்தில் ஒரு தகவல் சுற்றுகிறது. ஷ்வார்ட்ஸ் இறந்தது 1798ல். கணக்கு உதைக்குதே! சரபோஜி மன்னரின் அமைச்சர் வராகப்பையரும் இந்த வாத்தியத்தை வாசித்தவர் என்பார்கள். ஆக, அந்த இருபது முப்பது வருஷத்தில் சென்னையிலும் தஞ்சையிலும் வயலின் பல கைகளுக்குப் போயிருக்கிறது. காலத்தால் முந்தியவராக பாலுசுவாமியைச் சொல்வதுதான் பெரும்பாலோர் வழக்கம்.

பிரிந்த அண்ணன் தம்பிகள்

குடும்பம் பிறகு திருவாரூர் திரும்பியது. அப்பா 1817ல் காலமானார். அதன்பின் மூன்று மகன்களும் ஒரே இடத்தில் இல்லை. முத்துசுவாமி தஞ்சைப் பக்கம். கண்பார்வை பாதிக்கப்பட்டிருந்த சின்னசுவாமியும் பாலுசுவாமியும் சேர்ந்தே பாடுகிற ஜோடி, அவர்கள் தெற்கே மதுரைக்குப் போனார்கள். 1823ல் சின்னசுவாமி மதுரையிலேயே இறந்துபோனார்.

கூடப் பாடிய அண்ணனை இழந்த பாலுசுவாமி, போய்ச்சேர்ந்த இடம் எட்டயபுரம். அங்கே ஜமீன் அவரை 1824ல் சமஸ்தான வித்வானாக அமர்த்தியது. கரிசல் பூமி, ஆனால் பாட்டுக்குக் காது கொடுக்கிற அரண்மனை.

தம்பிகளைத் தேடி வந்த முத்துசுவாமிக்கு மதுரையில் கிடைத்தது சாவுச் செய்தி. மிச்சமிருக்கிற தம்பி எட்டயபுரத்தில் இருக்கிறார், அங்கே அவருக்குக் கல்யாணம் நடக்கப்போகிறது என்று பிறகு தெரிந்து அங்கே புறப்பட்டார். வறண்டு கிடந்த அந்த வழியில் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்பது எல்லோரும் சொல்கிற கதை. மழையை நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது, ஒரு அண்ணன் தம்பி கல்யாணத்துக்கு வெயிலில் நடந்துபோகிற காட்சி.

1835 தீபாவளி நாளில் முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் காலமானார். மூன்று பேரில் பாலுசுவாமி மட்டும் மிஞ்சினார். இன்றும் எட்டயபுரத்தில் அண்ணனுக்கு நினைவிடம் இருக்கிறது.

அவர் வாசித்தது எங்கே?

பாலுசுவாமி 1850களின் இறுதியில் மறைந்தார். எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தது 1877ல். இந்தியாவில் கிராமஃபோன் பதிவு தொடங்கியது 1902ல். அவர் வில்லிலிருந்து வந்த ஒரு நொடிச் சத்தம்கூட நம்மிடம் இல்லை. பீத்தோவனும் பிரிட்ஜ்டவரும் வாசித்த சத்தமும்தான் இல்லை. ஆனால் அவர்கள் வாசித்தது தாளில் இருக்கிறது. நம்ம ஊரில் பாடம் என்றால் குரு பாடுவார், சிஷ்யன் காதில் வாங்கிக்கொள்வார். குருவோ சிஷ்யனோ போய்விட்டால் பாட்டும் போய்விடும்.

இந்த வீட்டுப் பாட்டு அப்படிப் போகாமல் இருந்ததற்குக் காரணம், பாலுசுவாமி எடுத்த ஒரு குடும்ப முடிவு. 1839ல் பிறந்த மகள் வயிற்றுப் பேரனை அவர் சுவீகாரம் எடுத்துக்கொண்டு சொந்த மகனாக வளர்த்தார், வீட்டில் இருந்த பாட்டையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன்தான் சுப்பராம தீட்சிதர்.

அறுபது வயதைத் தாண்டிய பிறகு சுப்பராம தீட்சிதர் உட்கார்ந்து எழுதினார். கிறிஸ்தவரும் மேல்நாட்டு இசைக்குறிப்பில் தேர்ந்தவருமான ஏ. எம். சின்னசாமி முதலியார் விடாமல் தூண்டினார். எட்டயபுரம் சமஸ்தானம் செலவை ஏற்றது. 1904ல் எட்டயபுரத்திலேயே அச்சான அந்தப் புத்தகம், சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. தெலுங்கு எழுத்தில் 1,700 பக்கம் அளவுக்கு. இதில் பெரியப்பா முத்துசுவாமியின் 229 கீர்த்தனைகள் ஸ்வரத்தோடு இருக்கின்றன, எந்த இடத்தில் எந்தக் கமகம் என்று தனித்தனி அடையாளக் குறியோடு. பாலுசுவாமியின் உருப்படிகளும் இருக்கின்றன. சென்னை மியூசிக் அகாடமி பிற்பாடு இதைத் தமிழிலும் வெளியிட்டது.

மணலியில் வந்த அந்த ஐரோப்பிய வாத்தியார் வயலினோடு தாள் பார்த்து வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தாரா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

சுப்பராம தீட்சிதர் 1906ல் காலமானார். அப்போது எட்டயபுரத்தில் பிறந்த இன்னொருவர், 23 வயதுப் பத்திரிகைக்காரர், அவருக்காக இரங்கற்பா எழுதினார். அவர் சுப்பிரமணிய பாரதி.