போர்சைத் போதகர்

1751-ல் நம் திரிசிரபுரக் கோட்டையைச் சூழ்ந்து முழங்கிய துப்பாக்கிகள் திரியாலும் சக்கிமுக்கிக் கல்லாலும் தீப்பற்றியவை. மழையில் அடிக்கடி பொய்த்தன. இக்குறையை நீக்கியவர் படைவீரரல்லர்; ஸ்காத்லாந்தில் 1768-ல் பிறந்து, 1791-ல் தந்தைக்குப்பின் பெல்ஹெல்விச் சபையின் போதகரான அலெக்சாந்தர் ஜான் போர்சைத்.

நீர்ப்பறவை வேட்டையிலே, கல் சிந்தும் பொறியைக் கண்டே பறவைகள் தப்பின. அதனால், சுத்தி அடித்தமாத்திரத்தில் வெடித்துக் குழலிலுள்ள மருந்தைப் பற்றுவிக்கும் இரசாயனப் பொடியொன்றை அமைத்தார். போதகர் கையில் இது தகுமோவென ஐயுறலாம். அவர் எண்ணியதோ பறவைகளையே!

1806-ல் லண்டன் கோபுரத்தில் அரசாங்கத்துக்காக உழைத்தார். தலைமை அதிகாரி மாறவே வெளியேற்றப்பட்டு, 1807-ல் தனியுரிமை பெற்றார். நெப்போலியன் அளிக்க முன்வந்த பெருந்தொகையை மறுத்தாரென்பர். பின்னர் ஆங்கிலச் சேனை அம்முறையையே மேற்கொண்டது; வெகுமதியின் பெரும்பகுதியோ, அவர் 1843-ல் மரித்தபின் உறவினரைச் சேர்ந்தது.