ஆறாவது அட்டவணைக்காக வாதாடிய போதகர்

லடாக்கின் லே நகரில் 2025 செப்டம்பரில் நடந்த போராட்டம் வன்முறையில் முடிந்து நால்வர் உயிரிழந்தனர். போராடியோர் கேட்டவற்றுள் ஒன்று, அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணை தரும் பாதுகாப்பு. அந்த அட்டவணை உருவாக உழைத்தவர்களுள் முக்கியமானவர் கிறிஸ்தவப் போதகரான ஜே.ஜே.எம். நிக்கோல்ஸ் ராய்.

காசி மலையின் ஷெல்லா பகுதியில் 1884-ல் பிறந்தவர். கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டதாரி. ஷில்லாங்கில் சர்ச் ஆஃப் காட் சபையை வளர்த்தவர். அமெரிக்கப் பெண்ணை மணந்து, அவரது குடும்பப் பெயரையும் தம் பெயரோடு இணைத்துக் கொண்டார். 1921-ல் அசாம் சட்ட மேலவை உறுப்பினரானார். பின்னர் அமைச்சராகவும் இருந்தார். ஆயினும் அரசியல் நிர்ணய சபைக் குறிப்புகளில்கூட அவர் பெயர் 'ரெவரண்ட்' என்ற அடைமொழியுடனேயே காணப்படுகிறது.

அசாம் மலைப்பகுதிகளின் எதிர்காலத்தை ஆராய கோபிநாத் பர்தலோய் தலைமையில் அமைந்த துணைக்குழுவில் அவரும் இடம்பெற்றார். நிலம், காடு, கிராம நிர்வாகம், வாரிசுரிமை, திருமணம் ஆகியவற்றில் சட்டம் இயற்றும் மாவட்டக் கவுன்சில்கள் என்ற ஏற்பாடு, 1947-ல் அக்குழு அளித்த அறிக்கையிலிருந்து பிறந்ததே.

1949 செப்டம்பரில் இது விவாதத்துக்கு வந்தபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. எல்லைப்புறத்தில் தனி ஏற்பாடு நாட்டைத் துண்டாடும் என்றார் அசாமின் குலதர் சலிஹா. சாதியும் ஏற்றத்தாழ்வும் இல்லாத, பெண்ணுக்குச் சம இடம் தரும் மலைச் சமூகம் மற்றவரிடம் கரைந்துபோக வேண்டிய அவசியமில்லை என்று வாதிட்டார் ராய். எல்லையைக் காப்பது மலைமக்களின் நம்பிக்கையே, கட்டாயம் அல்ல என்பது அவர் நிலை. மாநில சுயாட்சி பேசுவோர் பெரும்பாலும் தில்லியின் தலையீட்டையே காண்பர். மாநிலத் தலைநகரின் கையும் அதேபோல் நீளக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அட்டவணை நிறைவேறியது, அனைவரும் மகிழ்ந்தனர் என்று சொல்வதற்கில்லை. கவுன்சிலின் சட்டங்களை ரத்து செய்யும் அதிகாரம் ஆளுநரிடம் இருந்தது. காசி மரபுத் தலைவர்கள் கவுன்சிலின் கட்டுப்பாட்டுக்குள் வந்தனர். நாகர்களோ கவுன்சிலையே ஏற்க மறுத்தனர்.

1959 நவம்பரில் ராய் காலமானார். அடுத்த ஆண்டே அசாமி மொழியை மாநில ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது, மலைகள் கொதித்தன. தனி மாநிலம் கேட்டு எழுந்த இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவர் அவர் மகன் ஸ்டான்லி. 1972 ஜனவரி 21-ல் மேகாலயம் பிறந்தது. தனி மாநிலம் வந்த பின்னும் மாவட்டக் கவுன்சில்கள் கலைக்கப்படவில்லை.