யார் இந்த வினூ மன்கட்? ஒரு ரன் அவுட்டால் வில்லனாக்கப்பட்ட சாம்பியன்!

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனி லீவு விட்டால் போதும், டென்னிஸ் பந்தோடு பசங்க கிளம்பிடுவாங்க. பந்து போடும் முன்பே எதிர்முனை பேட்ஸ்மேன் கிரீஸைத் தாண்ட, பவுலர் ஸ்டம்பைத் தட்டிவிட்டால் உடனே சண்டைதான். மன்கட் பண்ணிட்டான், இது சீட்டிங் என்று கூச்சல் கிளம்பும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் உண்மையிலேயே ஏமாற்றினாரா?

சேப்பாக்கத்தின் ஹீரோ

1917 ஏப்ரல் 12-ல் குஜராத்தின் ஜாம்நகரில் பிறந்தவர் முல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட். வினூ என்பது செல்லப் பெயர். வலது கை பேட்டிங், இடது கை சுழல் என இரண்டிலும் கில்லி. 1952-ல் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி சேப்பாக்கத்தில் கிடைத்தபோது, இங்கிலாந்தின் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தவர் இவர்தான். அதே ஆண்டு லார்ட்ஸில் 72, 184 ரன்கள், கூடவே 5 விக்கெட். 1956-ல் சென்னையில் நியூசிலாந்துக்கு எதிராக 231 ரன் குவித்தார். அதில் பங்கஜ் ராயுடன் சேர்த்த 413 ரன், தொடக்க ஜோடி சாதனையாக 52 ஆண்டுகள் நின்றது.

சிட்னியில் நடந்தது என்ன?

1947 டிசம்பர் 13, சிட்னி டெஸ்ட். பந்து கையை விட்டுப் போகும் முன்பே ஆஸ்திரேலியாவின் பில் பிரவுன் கிரீஸை விட்டு வெளியேற, மன்கட் பெயில்ஸைத் தட்டினார். அவுட்! அதே டூரின் முந்தைய ஆட்டம் ஒன்றில் பிரவுனை எச்சரித்து, அதன் பிறகும் கேட்காததால் இதேபோல் அவுட்டாக்கியிருந்தார். எதிரணி கேப்டன் பிராட்மேனே மன்கட் மேல் தப்பில்லை என்று பின்னர் எழுதினார். ஆனாலும் பழி ஒட்டிக்கொண்டது. ஓட்டத்தில் சில அடிகளைச் சேமிக்கப் பார்த்தவர் பெயரை யாரும் ஞாபகம் வைக்கல. தடுத்தவர் பெயர்தான் திட்டு வார்த்தையானது.

பெயர் ஏன் இன்னும் போகல?

மன்கட் 1978-ல் மறைந்தார். 2019 ஐபிஎல்லில் அஸ்வின், ஜாஸ் பட்லரை இப்படி அவுட்டாக்கியதும் அந்தப் பெயர் மறுபடி டிரெண்டானது. 2022 டிஎன்பிஎல்லில் பாபா அபராஜித் இதே முறையில் ஜெகதீசனை அவுட்டாக்கியபோதும் பெரும் சர்ச்சை.

2021-ல் ஐசிசி ஹால் ஆஃப் ஃபேமில் மன்கட் சேர்க்கப்பட்டார். 44 டெஸ்ட், 2,109 ரன், 162 விக்கெட் என்பது அவர் கணக்கு. 2022 அக்டோபர் 1 முதல், இந்த அவுட்டை நியாயமற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பிரிவுக்கு மாற்றியது எம்சிசி.

சட்டப் புத்தகம் திருந்திவிட்டது. நம்ம பேச்சு வழக்கு மட்டும்தான் பாக்கி.