முதல் நிமிடத்தைப் பார்த்தவர்

பிள்ளை பெற்ற எமது பழைய மாணவிகளில் பலருக்கு ‘அப்கார்’ என்ற சொல் பழக்கமானதே. பிரசவ அறையில் எழுதப்படும் குறிப்பில் அதற்கு எதிரே 8, 9 என்று இரண்டு இலக்கங்கள் இருக்கும். அது ஓர் ஆளின் பெயர், அதுவும் ஒரு பெண் வைத்தியரின் பெயர் என்பது வைத்தியத் துறைக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாது. நூற்றாண்டு மலரில் எழுதக் கேட்டபோது அவரைப் பற்றியே எழுத விரும்பினோம்.

வேர்ஜீனியா அப்கார் 1909 ஜூன் 7 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் வெஸ்ட்பீல்ட் என்ற ஊரில் பிறந்தார். சகோதரர் ஒருவர் சிறுவயதிலேயே காசநோயால் இறந்தார். இன்னொருவர் நாட்பட்ட நோயாளி. நோயும் இசையும் அந்த வீட்டில் சேர்ந்தே இருந்தன. மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியில் விலங்கியல் கற்று, 1933 இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் வகுப்பில் நான்காமவராகத் தேறினார்.

சத்திரசிகிச்சை நிபுணராவதே அவரது ஆசை. பயிற்சியையும் தொடங்கியிருந்தார். அது பொருளாதார மந்தத்தின் காலம். பெண் ஒருவர் சத்திரசிகிச்சை செய்து பிழைப்பது கடினம் என்று கண்ட பேராசிரியர் அலன் விப்பிள், அவரை மயக்கமருந்துத் துறைக்குத் திருப்பினார். அக்காலத்தில் அது பெரும்பாலும் தாதியரிடம் விடப்பட்ட வேலை. வைத்தியர்கள் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. 1938 இல் கொலம்பியாவில் அப்பிரிவின் பொறுப்பை ஏற்று, அதை ஒழுங்கான ஒரு வைத்தியத் துறையாக வளர்த்தெடுத்தார். 1949 இல் அக்கல்லூரியின் முதலாவது பெண் முழுப் பேராசிரியரானார். ஆனால் அதே காலத்தில் அப்பிரிவு தனித்துறையாக உயர்ந்தபோது, தலைமைப் பதவி ஓர் ஆணுக்கே போனது. அப்கார் பிரசவ அறைப் பக்கம் திரும்பினார். அந்தப் பதவி கிடைத்திருந்தால் அவர் கோப்புகளோடு காலம் கழித்திருப்பார் என்று சொல்வோர் உண்டு. அதற்காக அந்த அநீதியை நாம் மெச்சப் போவதில்லை.

பிரசவ அறையில் அவர் கண்டது இதுதான். குழந்தை வெளியே வந்ததும் எல்லோருடைய கண்ணும் தாயிடமே இருக்கும். இரத்தப் போக்கு, நஞ்சுக்கொடி, தையல் என்று அங்கே வேலை நிறைய. குழந்தை ஒரு பக்கத்தில் கிடக்கும். மூச்செடுக்கத் தயங்கிய குழந்தைகள் சில வேளை பிழைக்காதென்று அப்படியே விடப்பட்டன. அமெரிக்காவில் சிசு மரணங்கள் பொதுவாகக் குறைந்து வந்த காலம் அது. ஆனால் பிறந்த முதல் 24 மணித்தியாலத்து மரணங்கள் மட்டும் அசையாமல் நின்றன.

ஒருநாள் காலை உணவுச்சாலையில் ஒரு மருத்துவ மாணவர், பிறந்த குழந்தையை எப்படி மதிப்பிடுவதென்று அவரிடம் கேட்டாராம். அப்கார் கையில் கிடைத்த கடதாசியில் ஐந்து விடயங்களை எழுதினார் என்பது வைத்திய உலகம் சொல்லி வரும் கதை. இதயத் துடிப்பு, சுவாசம், தசை முறுக்கு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 புள்ளி. பிறந்து ஒரு நிமிடத்தில் பார்க்க வேண்டும். 1952 இல் இதை ஒரு மாநாட்டில் வாசித்தார், 1953 இல் கட்டுரையாக வெளியிட்டார். ஐந்தாவது நிமிடப் புள்ளி பின்னர் சேர்ந்தது.

இதில் புதுக் கருவி எதுவும் இல்லை. கண், காது, விரல், ஒரு மணிக்கூடு போதும். ஆனால் புள்ளி போட வேண்டுமென்றால் ஒருவர் குழந்தையைத் திரும்பிப் பார்த்தேயாக வேண்டும். பிரசவம் பார்த்தவரே புள்ளி போடக்கூடாது என்பதிலும் அப்கார் கவனமாக இருந்தார். தன் கையால் பிறந்த பிள்ளைக்கு எவரும் தாராளமாகவே புள்ளி போடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பரீட்சை மேற்பார்வைக்கு வெளிப் பாடசாலை ஆசிரியர்கள் வந்ததை நினைத்தால் எமக்கும் இது விளங்கும்.

அந்தப் புள்ளி அவரையே திருப்பிக் கேள்வி கேட்டது. சக வைத்தியர்களான ஸ்டான்லி ஜேம்ஸ், டங்கன் ஹொலடே ஆகியோருடன் சேர்ந்து குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, குறைந்த புள்ளி பெற்றவர்களுக்கு ஒட்சிசன் குறைந்தும் இரத்தம் அமிலத்தன்மை கூடியும் இருந்தது தெரிந்தது. தாய்மாருக்குக் கொடுத்த சைக்ளோபுரொப்பேன் என்ற மயக்க வாயு குழந்தைகளைச் சோர வைப்பதும் வெளிப்பட்டது. அப்கார் விரும்பிப் பாவித்த வாயு அது. பிரசவத்தில் அதைப் பாவிப்பதை விட்டுவிட்டார். அவரது வாழ்க்கையில் எமக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே.

இளம் தாய்மாருக்கு இடையில் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு 10 கிடைக்கவில்லையே என்று முகம் வாடுபவர்களை நாம் விடுதியில் காண்கிறோம். கைகால் நீலம் பாய்ந்திருப்பது முதல் நிமிடங்களில் வழமையானது, ஒரு புள்ளி பெரும்பாலும் அங்கேதான் போகும். ஐந்திலும் நிறமே திருப்தி குறைந்த அடையாளம் என்று அப்காரே கருதினார். எமது பிள்ளைகளின் தோலில் அதைக் காண்பது இன்னும் கடினம், உதட்டையும் நாக்கையும் பார்க்க வேண்டும். இந்தப் புள்ளி பிள்ளையின் கெட்டித்தனத்தைச் சொல்வதும் அல்ல. மூச்செடுக்காத குழந்தைக்கு உதவ, புள்ளி போடும் வரை எவரும் காத்திருப்பதுமில்லை.

1959 இல், ஐம்பது வயதில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் பட்டம் பெற்று, மார்ச் ஒப் டைம்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தில் பிறவிக் குறைபாடுகளுக்கான பிரிவின் பணிப்பாளரானார். குடும்பங்கள் வெளியே சொல்லத் தயங்கிய விடயத்தை ஊர் ஊராகச் சென்று பேசினார். 1964–65 இல் அமெரிக்காவில் ருபெல்லா பரவி, ஆயிரக்கணக்கான குழந்தைகள் குறைபாடுகளோடு பிறந்த பின்னர், தடுப்பூசிக்காக வாதாடினார். எமது நாட்டில் அந்த ஊசி பெண்பிள்ளைகளுக்கு 1996 இல் வந்தது.

அவர் திருமணம் செய்யவில்லை. வயலினும் வயோலாவும் வாசித்தார். அவசரத்துக்கென்று ஒரு சுவாசக் குழாயையும் பேனாக் கத்தியையும் கைப்பையில் கொண்டு திரிந்தார். 1974 ஓகஸ்ட் 7 இல் காலமானார். 1994 இல் அமெரிக்கா அவருக்கு 20 சதம் பெறுமதியான முத்திரை வெளியிட்டது.

ஒரு கதையை விட்டுவிட மனமில்லை. நடுவயதில் அவர் இசைக்கருவி செய்யவும் கற்றார். சொல்லிக்கொடுத்தவர் கார்லீன் ஹட்சின்ஸ். வைத்தியசாலைத் தொலைபேசிக் கூண்டில் இருந்த தட்டு, வயோலாவின் முதுகுப் பலகைக்கு ஏற்ற அருமையான மேப்பிள் மரம் என்பதை ஹட்சின்ஸ் கண்டார். எத்தனையோ பேர் பையை வைத்துவிட்டுப் போன தட்டு. கேட்டும் கிடைக்கவில்லை. ஓர் இரவு இருவரும் அதே நிறம் பூசிய வேறொரு பலகையோடு போனார்கள். கொண்டுபோன பலகை சற்று நீளமாகிப்போக, ஹட்சின்ஸ் பெண்கள் கழிப்பறைக்குள் அதை அரிய, பேராசிரியர் அப்கார் வைத்தியசாலை உடையில் வாசலில் காவல் நின்றாராம். வயோலா நன்றாகவே வந்தது.